பதினஞ்சாவது வரி

பத்தே நிமிசத்துல வந்திருதேன் சார்னு சொல்லிட்டுப் போன தளவாய் போய் முக்கால் மணி நேரம் ஆச்சு. போன் போட்டுக் கேக்கலாம்னா அவன் போன் இங்கதான் கிடக்கு, நோட்டரி ரூம் வராந்தாவுல, சுவத்துப் பிளக்குல சொருகினபடி, ஞானதுரைக்குப் பக்கத்துல பெஞ்சு ஓரத்துல. கையோட கொண்டு போறதுக்குன்னு ஒருத்தன் மண்டையை உடைச்சு ஒரு சாமானைக் கண்டுபிடிச்சான், நம்ம ஆளுக அதை மாட்டைக் கட்டுற மாதிரி சுவத்துல கட்டிப்போட்டுட்டு வெறுங்கையை வீசிக்கிட்டுப் போவாங்க. போதாக்குறைக்கு மடியில அவன் சர்டிபிகேட் பை. பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, விளையாட்டு வாத்தியார் படிப்பு, எல்லாம் ஒரிஜினல். 'பத்திரமா வச்சுக்கிடுங்க சார், என் உசுரே இதுலதான் இருக்கு'ன்னு குடுத்துட்டுப் போயிருக்கான். அடுத்தவன் உசுரை மடியில வச்சுக்கிட்டு மனுசன் எங்க எந்திரிச்சுப் போக? முட்டி வேற வலி. டோக்கன் நம்பர் பத்தொம்போது, உள்ள இப்பத்தான் பதினொண்ணு. வாசல்ல நிக்கிற கிளார்க்கு ஒவ்வொரு நம்பரையும் மீன் ஏலம் விடுற மாதிரி இழுத்துச் சொல்லுதான், பதினொண்ணேய், பதினொண்ணேய்னு. ஞானதுரை அதை ஒருதடவை வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தார். கடைசியில வர்ற அந்த 'ஏய்'ல மூக்கு லேசா அடைக்கணும், அப்பத்தான் சரியா வருது. என்ன புத்தி இது, தலைக்கு மேல வெள்ளம் போகும்போதும் அடுத்தவன் குரலைப் பிடிக்கிற புத்தி. நோட்டரி கஸ்தூரிபாய் மேடம் ஒரு மணி ஆச்சுன்னா டிபன் பாக்ஸைத் திறந்திருவாங்க, அப்பறம் மூணு மணிக்கு மேலதான் சீல் வெளிய வரும். தளவாய் டைப் அடிக்கக் கொண்டுபோன பேப்பர் மூணு மணிக்குள்ள சீலோட பள்ளிக்கூடத்துல இருக்கணும். இல்லைன்னா தளவாய்க்கு வேலை இல்லை. வேப்பமரத்தடியில ஒரு பெரியவர் டைப்ரைட்டர் வச்சிருப்பாரு, அவருகிட்ட குடு, வேற எங்கயும் போயிராதன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினார். பத்து நிமிசம் முன்னால அந்தக் கிளார்க்கு போற போக்குல, 'யாரு, மரத்தடிப் பெரியவரா? கண்ணு ஆப்பரேசனுக்குல்லா போயிருக்காரு, பத்து நாளாச்சே'ங்கான். இதை எட்டரை மணிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? அவர் இல்லைன்னா பையன் எங்க போயிருப்பான்? கோர்ட்டு கேட்டைத் தாண்டினா எதிர்த்தாப்புல ஒரே ஒரு டைப்பிங் கடை, பச்சை போர்டு. உலகத்துல எந்தக் கடையில வேணாலும் அந்தப் பேப்பரை டைப் அடிக்கலாம். அந்தக் கடையில மட்டும் அடிக்கக் கூடாது.

பதினாலு வரி. பேப்பர்ல சிங்கிள் காலம் பதினாலு வரிச் செய்தி, அதுக்குத்தான் இந்தப் பாடு. இருபத்தொம்போது வருசமா நிருபரா கிரைம், கோர்ட்டு, சிறுவர் நீதிக் குழுமம்னு அலைஞ்சு எழுதினதை எல்லாம் நீட்டி ஒட்டினா பாளையங்கோட்டையில இருந்து தூத்துக்குடி வரைக்கும் வரும், அதுல 'போலீசார் வழக்குப்பதிவு செய்து தீவிர விசாரணை நடத்தி வருகின்றனர்'ங்கிற ஒரு வரி மட்டுமே பாதி தூரம் வரும். அந்தப் போலீசார் யாரும் தீவிரமா விசாரிச்சு ஞானதுரை பாத்ததில்லை. இன்ஸ்பெக்டருக நாற்காலியைப் பின்னால சாய்ச்சு, 'அதாவது வந்து பாத்தீங்கன்னா சார்'ம்பாங்க. அதாவது வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. சின்னப் பிள்ளைக கேஸ்னா பேரு போடக் கூடாது, படம் போடக் கூடாது, அது சட்டம். ஸ்டேசன்ல இருந்து ஒரு படம் வரும், கண்ணு மேல மட்டும் மார்க்கர் பேனாவால கறுப்பா ஒரு கோடு, கீழ அப்பன் பேரு, அப்பன் வேலை, தெரு, கதவு நம்பர். பேரை மட்டும் விட்டுருவாங்க, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க. அப்படி ஒரு நாள் வந்ததுதான் பதினாறு வருசத்துக்கு முந்தின அந்த மொபைல் கடைக் கேஸ். பூட்டை உடைக்கப் போன பையனை வாட்ச்மேன் பிடிச்சிருக்காரு, பையன் உதறித் தள்ளியிருக்கான், வாட்ச்மேன் படியில பின்மண்டை அடிச்சு விழுந்தவர் எந்திரிக்கவே இல்லை. பையனுக்கு வயசு பதினஞ்சு. ஞானதுரை எழுதினார். மேலக் குளத்தங்கரைத் தெருவைச் சேர்ந்த தளவாய், பிராக்கெட்டுல பதினஞ்சு. தெருப் பேரு போட்டது தப்பு, அன்னைக்கு எல்லாரும் போட்டாங்க, அதுவும் தப்பு. தளவாய்ங்கிற பேருக்குப் பக்கத்துலயே 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'ன்னும் போட்டிருந்தார். டெஸ்க்குல தலைமையா இருந்தவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, 'வேய் ஞானதுரை, நடு வாக்கியத்துல கல்லைத் தூக்கிப் போடுதீரே, வாசிக்கிறவனுக்குத் தடுக்காதா, அதைக் கொண்டுபோய் அடியில வையும்'னார். வச்சார். பதினஞ்சாவது வரி. ராத்திரியில பல்பொடி விளம்பரம் ஒண்ணு வந்துச்சு, ரெண்டு சென்டிமீட்டர். பக்கம் போடுற லூர்து என்ன செய்வான், எல்லா லூர்தும் செய்யறதைச் செஞ்சான், அடியில இருந்து வெட்டினான். நிருபர் வேலைக்குச் சேந்த மொத நாளே சொல்லிக் குடுப்பாங்க, முக்கியமானதை மேல வை, வெட்டுறவன் கீழ இருந்துதான் வெட்டுவான்னு. பதிமூணு வருசம் அனுபவம் அன்னைக்கு அவருக்கு. பதிமூணு வருசம். மொத நாள் பாடத்தை மறந்தார், பல்பொடி வந்துச்சு, வரி போச்சு. காலையில பேப்பரைப் பாத்ததும் ஆபீசுக்கு ஓடினார். திருத்தம் போடுவோம்னு போய் நின்னா, 'நேத்து பத்துப் பேரு பாத்திருப்பான், திருத்தம் போட்டா மிச்சம் இருக்கறவனும் பாப்பான், இல்லாத பேருக்கு எதுக்குவே திருத்தம்'னார் தலைமை. இல்லாத பேரு. ஞானதுரை அங்க வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை.

ஏன்னா அது இல்லாத பேரு இல்லை. பேரு மாத்துறது லேசுப்பட்ட வேலைன்னுதான் எல்லாரும் நினைக்காங்க. மொதல்ல அவரும் ரமேசு, சுரேசு, ராஜான்னுதான் போட்டுக்கிட்டு இருந்தார். அதே தலைமை ஒரு நாள், 'உம்ம ரமேசு இன்னும் எத்தனை கொலைவே பண்ணுவான், களைச்சுப் போயிருக்க மாட்டானா'ன்னு கேட்டார், டெஸ்க்கே சிரிச்சுச்சு. அதுக்கப்பறம் ரோசம் வந்து புதுப்புதுப் பேராத் தேட ஆரம்பிச்சார். எங்க தேடுறது? மேசை மேல எப்பவும் நாலு கல்யாணப் பத்திரிகை கிடக்கும், நிருபருக்கு ஊரெல்லாம் பத்திரிகை வைப்பாங்க. மாப்பிள்ளை பொண்ணு பேரு ஆகாது, அவங்களுக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவாங்க. ஆனா அடியில, மாமன்மாரு, சித்தப்பன்மாரு, எல்லாம் முடிஞ்ச பிறகு, சின்ன எழுத்துல 'வருக வருக என வரவேற்கும் வாண்டுகள்'னு ஒரு வரிசை இருக்கும்ல, அங்க இருந்து ஒண்ணை எடுத்துக்கிடுவார். அங்க உள்ள பேரை யாரு வாசிக்கா? அன்னைக்கு மேசை மேல கிடந்தது சங்கிலி கல்யாணப் பத்திரிகை. சங்கிலி அவங்க பேப்பர்லயே மெஷின்ல வேலை பாத்தவன், சாதுவான ஆளு. வாண்டுக வரிசையில கடைசிப் பேரு தளவாய். பாத்ததும் பிடிச்சுப் போச்சு. கம்பீரமா இருந்துச்சு, ரமேசு சுரேசு மாதிரி இல்லை. பொண்ணு வீடு எந்தத் தெருன்னு அதே பத்திரிகையில மேல போட்டிருந்தான், அதைப் பாக்கலை. அதே மேலக் குளத்தங்கரைத் தெரு. ஒரு பத்திரிகையில மேல பாதியைப் பாக்காம கீழ பாதியை மட்டும் பாக்குற மடையன் உலகத்துல ஒருத்தன்தான் இருப்பான், அவனைத்தான் கோர்ட்டுச் செய்தி எழுதப் போட்டிருந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு சங்கிலி மேசைக்கு வந்து நின்னான், கையெல்லாம் மை, பேப்பரை நாலா மடிச்சுப் பிடிச்சிருந்தான். 'அண்ணாச்சி, இந்தப் பேரு...'ன்னான். ஞானதுரை தலையைத் தூக்காம, 'அது மாத்தின பேருவே'ன்னார். சங்கிலி இன்னும் ஏதோ கேக்கப் போறான்னு நினைச்சார். அவன் கேக்கலை. பேப்பரை இன்னொரு மடிப்பு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போனான், போனவன் அதுக்கப்பறம் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, மறுவருசம் வேலையை விட்டே போனான். பதினாறு வருசமா அந்த மை கை அப்பப்ப வந்து மேசை ஓரத்துல நிக்கும், கலைஞ்சு போகும், திரும்ப வரும். பதிமூணேய்னு கத்துதான் கிளார்க்கு. பன்னெண்டு எப்ப போச்சு?

எல்லாம் அப்படியே மட்கிப் போயிருக்கும். யாரு பழைய பேப்பரைப் படிக்கா, பொட்டலம் மடிச்சாச் சரியாப் போச்சு. ஆனா இந்த நிர்வாகத்துக்கு ஒரு அறிவு வந்துச்சே போன சித்திரையில, எழுபது வருசப் பேப்பரும் இனி உங்கள் விரல் நுனியில்னு எல்லாத்தையும் இன்டர்நெட்டுல ஏத்திட்டாங்க. இப்ப போன்ல தளவாய்னு தட்டினா மொதல்ல வந்து நிக்கறது அந்தப் பதினாலு வரிதான், பல்பொடியோட சேத்து. தளவாய்க்கு வேலை குடுத்த பள்ளிக்கூடத்துத் தாளாளர் தட்டியிருக்காரு. அந்தச் செய்தியில பதினஞ்சு வயசு, இவனுக்கு அன்னைக்குப் பதிமூணு, ஆனா பேரு அதே பேரு, தெரு அதே தெரு, ரெண்டு வயசை யாரு கழிச்சுப் பாக்கா? அது நீ இல்லைன்னு பேப்பர்காரன் எழுதிக் குடுத்தாத்தான் வேலைன்னுட்டாரு. போன மாசம் தளவாய் ஆபீசுக்கு வந்து எதிர்ல உக்காந்தான். பனைமரம் மாதிரி வளத்தி, உக்காந்தது என்னமோ நாற்காலி நுனியிலதான். பதிமூணு வயசுல பள்ளிக்கூடத்து கிரவுண்டுல வட்டு எறியப் போனா, 'ஏல, கொலகாரன் கையில வட்டைக் குடுக்காதீங்கல'ன்னு பயலுக ஓடுவாங்களாம், விளையாட்டுக்குத்தான், ஆனா மூணு வருசம் ஒரே விளையாட்டு. அப்பா வீட்டையே காலி பண்ணி வேற ஊருக்குப் போனாராம். அதை எல்லாம் அவன் யாரோ எவனோ பத்திச் சொல்லுற மாதிரி சொன்னான். கடைசியா, 'என் பேரு எப்படி சார் அதுல வந்துச்சு?'ன்னு கேட்டான். கோவமாக் கூட கேக்கலை. 'தற்செயல்ப்பா, ஏதோ கற்பனையா வச்ச பேரு'ன்னார் ஞானதுரை. எவ்வளவு சுளுவா வந்துச்சு அது. இன்ஸ்பெக்டர் குரல்ல, அதாவது வந்து பாத்தீங்கன்னாங்கிற அதே வழுவழுப்புல. ஆபீஸ்ல ஒரு கடுதாசி வாங்கிக் குடுத்திரலாம்னு சட்டப் பிரிவு அதிகாரிகிட்ட போனார். அந்த ஆளு கழுத்துப் பட்டையைத் தடவிக்கிட்டு, 'மிஸ்டர் ஞானதுரை, நாம ஒண்ணும் சொல்லலைன்னா நாம ஒண்ணும் சொல்லலை. நாம ஒண்ணு சொன்னோம்னா, நாம ஏதோ சொன்னோம்னு ஆயிரும்'னார். அதை வீட்டுல அமலிகிட்ட அப்படியே கழுத்தைத் தடவி நடிச்சுக் காட்டினார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக வரைக்கும் சிரிச்சுச்சு. அமலி மட்டும் சிரிக்காம முருங்கைக்கீரையை உருவிக்கிட்டே, 'எல்லாரு மாதிரியும் பேசுதிய, ஒங்கள மாதிரி ஒருதடவ பேசுங்க பாப்போம்'னா. இருபத்தஞ்சு வருசப் பொஞ்சாதி, எங்க குத்தினா இறங்கும்னு தெரியும். அதுக்கப்பறம்தான், ஆபீஸ் குடுக்கலைன்னா என்ன, நான் தனியா அபிடவிட் குடுக்கேன்னு கிளம்பினார். எதுலயும் கையெழுத்துப் போட்டுராதீங்கன்னு ஆபீஸ்ல இருந்து ரெண்டு தடவை போன். ரிட்டையராக எட்டு மாசம் இருக்கு. போட்டா என்ன செஞ்சிருவாங்க, என்னமும் செய்வாங்க, செஞ்சுட்டுப் போகட்டும். நேத்து ராவோட ராவா அவரே கைப்பட எழுதினார். நல்லாத்தான் எழுதினார். ஒரே ஒரு இடத்துல 'கற்பனையாக வைத்த பெயர்'னு எழுதும்போது மட்டும் பேனா மை விடாம நின்னுச்சு. உதறிட்டு எழுதினார்.

அதை விடு. அதை இப்ப நினைக்க வேண்டாம். இப்பக் கவலை அந்தப் பச்சை போர்டு. ஏன்னா அங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கறவன்தான் அந்தப் பையன். வாட்ச்மேனைத் தள்ளின அந்தப் பதினஞ்சு வயசு. இப்ப முப்பத்தொண்ணு. அவன் நிஜப் பேரை ஞானதுரை யார்கிட்டயும் சொன்னதில்லை, அமலிகிட்ட கூட, இப்ப மனசுக்குள்ள கூட அதைச் சொல்லிப் பாக்க மாட்டார். அன்னைக்குக் குழுமம் கூடின ரூமுக்குள்ள நிருபரை விட மாட்டாங்க, வெளிய இதே மாதிரி ஒரு பெஞ்சு, இதே மாதிரி ஒரு காத்திருப்பு. பக்கத்துல காவலுக்கு ஒரு வார்டர் தூங்கி விழுந்துக்கிட்டு இருக்கான், அந்தப் பக்கம் அவன். சட்டைப் பொத்தான் ஒண்ணு மாறிப் போட்டு ஒரு பக்கம் ஏறிக் கிடந்துச்சு. 'நீங்க பேப்பரா சார்?' ஆமான்னார். 'என் பேரு வருமா சார்?' 'வராது.' 'எங்க அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா வாசிச்சுச் சொல்லிரும் சார்.' 'வராதுப்பா, சத்தியமா வராது.' அவ்வளவுதான் பேச்சு. உள்ள கூப்பிட்டாங்க, அந்த மாஜிஸ்திரேட்டு 'பேரெல்லாம் வெளிய வரக் கூடாது கேட்டீங்களா'ன்னு சொல்லிட்டு அடுத்த நொடி அவன் பேரை, அப்பன் பேரோட, வராந்தாக் கடைசி வரைக்கும் கேக்குற மாதிரி வாசிச்சார். சிறுவர் ஹோமுல ரெண்டு வருசம், அங்கயே டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணினான். ஆறு வருசம் முன்னால கேட்டுக்கு எதிர்ல கடை போட்டான். மொத நாள் பாத்ததும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சு. 'நல்லா இருக்கீங்களா சார்'ன்னான், 'நல்லா இருக்கேன்'னார். அத்தோட சரி. அவர் அந்தக் கடைப்படி ஏறினதில்லை, ஏறினா எவனாவது ரெண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்னு கேப்பான். கல்யாணம் ஆகி இப்ப ஒரு மக, ஸ்கூல் விட்டா ஸ்டூல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். ஞானதுரை வாழ்க்கையில ஒரு வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்கார்னா அந்தக் கடைதான் அத்தாட்சி, அதை வெளிய சொல்ல முடியாது, சொன்னா அத்தாட்சி போச்சு. அதுக்கு முன்னால போய் இப்ப தளவாய் நிக்கான், கையில அவர் கைப்பட எழுதின பேப்பரோட. வாட்ச்மேன், மொபைல் கடை, மேலக் குளத்தங்கரைத் தெரு. அதை அவன் விரலால எழுத்து எழுத்தா அடிக்கணும். மூஞ்சி மாறாதா? கை நடுங்காதா? தளவாய் கண்ணு அதைப் பாக்காதா? காலையில பஸ்சுல வரும்போது ஜன்னலைப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொன்னான், 'அந்த வாட்ச்மேனைத் தள்ளினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா சார்'னு. மிச்சத்தைச் சொல்லலை. மடியில கையைக் கோத்திருந்தான், வட்டு எறியிற கை.

போய்ப் பாத்திரலாமா? இந்தப் பையை எடுத்துக்கிட்டு, முட்டியை இழுத்துக்கிட்டு, கேட்டைத் தாண்டி? போனா என்னத்தச் சொல்ல? ஆறு வருசமா ஏறாத படியில இன்னைக்குப் பதறி அடிச்சு ஏறினா அதுவே காட்டிக் குடுத்த மாதிரிதான். போகாம இருந்தா? போகாம இருந்தா என்ன நடக்குதோ அது நடக்கும். தெருவுல சத்தம் ஏதும் கேக்குதான்னு காதைத் தீட்டினார். ஒரு பஸ் ஹாரன். யாரோ வக்கீல் யாரையோ வாய்தா வாங்கித் தாரேன்னு ஏமாத்துற குரல். தலைக்கு மேல சீலிங் பேன் ஒண்ணு ஒவ்வொரு சுத்துக்கும் டொக்குனு ஒரு சத்தம். ஒரு வேளை அங்க கரண்டு இல்லாம இருந்தா? ஒரு வேளை கடையே அடைச்சிருந்து தளவாய் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தா? எவ்வளவு நல்லா இருக்கும். டொக்கு. மகளுக்கு இன்னைக்கு ஸ்கூல் லீவா இருந்து அதுவும் அங்க உக்காந்திருந்தா? டொக்கு. தளவாயோட போன் திரும்பவும் துடிச்சுச்சு. ஸ்கிரீன்ல 'தாளாளர் அய்யா'. இது அஞ்சாவது தடவை. எடுக்கலைன்னா அந்த ஆளு ஏதாவது முடிவு கட்டிருவார். எடுத்து யாருன்னு சொல்ல? பேப்பர்காரன்னா? ஞானதுரை கை தானா எடுத்துச்சு, வாய் தானாத் திறந்துச்சு, வந்தது தளவாயோட குரல், அச்சு அசல், தொண்டை அடியில இருந்து, மரியாதையான இழுவையோட. 'அய்யா, கோர்ட்டுலதான் இருக்கேன்யா. இன்னும் அஞ்சாறு நம்பர்தான். மூணு மணிக்குள்ள கொண்டாந்திருதேன்யா.' அந்தப் பக்கம், 'சரிப்பா தளவாய், மூணுக்கு மேலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, புரியுதா'ன்னுது. 'புரியுதுய்யா.' வச்சார். வச்ச அப்பறம்தான் உறைச்சுச்சு. திரும்பவும். அன்னைக்குக் கேக்காம அவன் பேரை எடுத்தார், இன்னைக்குக் கேக்காம அவன் குரலை எடுத்திருக்கார், ஆளு இல்லாத நேரமாப் பாத்து, நல்லதுக்குத்தான்னு சொல்லிக்கிட்டு. அன்னைக்கும் நல்லதுக்குத்தான். போனை எடுத்த இடத்துலயே வச்சு, ஒயரை நேராக்கி, தொடாத மாதிரி விட்டார். பதினாறேய்னான் கிளார்க்கு.

பதினேழுக்கு தளவாய் வந்தான். சட்டை முதுகோட ஒட்டிக் கிடந்துச்சு, கையில ரெண்டு தாள், மடங்காம விரிச்சுப் பிடிச்சிருந்தான். ஞானதுரை மொதல்ல அவன் கையைப் பாத்தார், விரல் முட்டியில எங்கயாவது சிராய்ப்பு இருக்கான்னு. இல்லை.

'எங்கப்பா போன?'

'பெரியவரு இல்ல சார். எதுத்த கடைக்குப் போனேன். பச்சை போர்டு.'

'எதுவும் கேட்டாரா?'

'மொதல்ல ஒண்ணும் கேக்கல சார். நாலு வரி அடிச்சாரு, அப்பறம் நிறுத்திட்டு, தளவாய்ங்கிறது யாருன்னாரு. நான்தான்னேன். என்னையே பாத்துட்டு இருந்தாரு. பெறவு எந்திரிச்சு, ஸ்டூல்ல அவரு மக புஸ்தகம் கிடந்துச்சு, அதை எடுத்து வச்சுட்டு, துண்டால தொடச்சு, உக்காருங்கன்னாரு. கூட்டம் நிக்கி சார். எல்லாரையும் அப்படியே விட்டுட்டு எனக்கு டீ வாங்கப் போறாரு. கடைக்காரரே போறாரு.'

'ம்.'

'எந்த ஸ்கூல்ல படிச்சிய, எதுக்கு ஊரை விட்டுப் போனிய, எல்லாம் கேட்டாரு. நானும் சொல்லிட்டேன். இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்லைல்லா சார். அவருக்கு வேலையே ஓடல. ரெண்டு தாளு தப்புத் தப்பா அடிச்சுக் கிழிச்சுப் போட்டாரு. அதான் லேட்டு.' தாளை நீட்டினான். 'கடைசியில ஒரு வரி அவராச் சேத்துருக்காரு. இது இல்லைன்னா செல்லாதுன்னாரு. ஒங்களுக்குச் சரியில்லைன்னா திருப்பிக் கொண்டாங்க, எடுத்துருதேன்னாரு.'

ஞானதுரை கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார். அவர் எழுதினது எல்லாம் அப்படியே இருந்துச்சு, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அதுக்குக் கீழ, கையெழுத்துக்குன்னு அவர் விட்டிருந்த இடத்துல, ஒரு வரி. 'அந்தச் சிறுவன் வேறு ஆள், இவர் அல்ல என்பது எனக்கு நேரில் தெரியும்.' எனக்கு நேரில் தெரியும். ரெண்டு தடவை வாசிச்சார். மூணாவது தடவை எழுத்து நிக்கலை. யாருக்கும் தெரியாம இருக்கணும்னு ஆறு வருசம் ஒருத்தன் ஒரு கடையில உக்காந்திருக்கான், டைப் அடிச்சுக் குடுத்துட்டுச் சும்மா இருந்திருக்கலாம், எவன் கேக்கப் போறான். இவன் பாட்டுக்கு, நேரில் தெரிஞ்ச அந்த ஆளு யாருன்னு நாளைக்கு எவனையும் கேக்க வைக்கிற ஒரு வரியைச் சேத்து அனுப்பியிருக்கான். அந்த வரிக்கு அஞ்சு வரி மேல இவர் எழுதினது உக்காந்திருக்கு, கற்பனையாக வைத்த பெயர்னு, நல்ல தெளிவான எழுத்துல, அவன் பிழை இல்லாம அடிச்சுக் குடுத்தது.

'பத்தொம்போதேய்.'

ஞானதுரை சர்டிபிகேட் பையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உள்ள போனார், பின்னால தளவாய். கஸ்தூரிபாய் மேடம் சீலை மைப்பெட்டியில தட்டிக்கிட்டே நிமிந்தாங்க. 'யாரு, ஞானதுரை அண்ணாச்சியா? ஊருக் கேசை எல்லாம் எழுதுனிய, கடைசியில நீங்களே வந்து நிக்கிய?' சிரிச்சுக்கிட்டே தாளைத் திருப்பிப் பாத்தாங்க. 'வாசிச்சுப் பாத்துட்டியள்லா? எல்லாம் உண்மைதான?' யாரு வந்தாலும் கேக்குற கேள்விதான், பதில் வர்றதுக்கு முன்னாலயே சீல் பாதி தூரம் இறங்கிரும். எத்தனை ஆயிரம் பேரு இந்த மேசை முன்னால நின்னு ஆமான்னு சொன்னதை அவர் பாத்திருக்கார். அந்த ஆமாவை நூறு விதமாச் சொல்லிக் காட்ட அவருக்கு வரும்.

'ஒரு இடம் தப்பும்மா'ன்னார்.

'எழுத்துப் பிழையா?'

'இல்லம்மா. நான் சொன்னதே தப்பு.' மேசையில இருந்த பேனாவை எடுத்து 'கற்பனையாக வைத்த'ங்கிறதை அடிச்சார். மேல எழுதினார், எழுதிக்கிட்டே சொன்னார், தளவாய்க்குக் கேக்கணும்னு. குரல் யாரு மாதிரியும் வரலை, தவளை மாதிரி இருந்துச்சு. 'ஒரு கல்யாணப் பத்திரிகையில பாத்து எடுத்த பேரு.'

மேடம் சீலைத் தூக்கிப் பிடிச்சபடி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க.

'எந்தக் கல்யாணம் சார்?'னான் தளவாய், பின்னால இருந்து.

'சங்கிலி கல்யாணம். உங்க அத்தையைக் கட்டினவரு. எங்க பேப்பர்ல மெஷின்ல இருந்தாரு.' திரும்பிப் பாக்க முடியலை, மைப்பெட்டியைப் பாத்துச் சொன்னார். 'மேசையில கிடந்துச்சு. வாண்டுக பேரு போட்டிருந்துச்சு. அதுல ஒண்ணு.'

'கடைசிப் பேரு.'

'ஆமா. கடைசிப் பேரு.'

வெளிய அந்தப் பேன் டொக்கு டொக்குன்னுச்சு.

'மொதல்ல அதுல என் பேரே இல்ல சார்'னான் தளவாய். சத்தம் போடலை. 'பெரியப்பா பிள்ளைக பேரு எல்லாம் இருந்துச்சு, என் பேரை மட்டும் விட்டுட்டாங்க. பதிமூணு வயசுல, வெக்கம் இல்லாம ரெண்டு நாள் சாப்பிடாம அழுதேன். பெறவு அத்தைதான், கல்யாணப் பொண்ணு சார், அவளே அச்சாபீசுக்கு நடந்து போயி, அடிக்கிறதுக்கு முன்னால கடைசியில சேத்துவிட்டா.'

மேடம் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தாங்க. பாத்துட்டு, மெதுவா, 'அடிச்சதுக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து, கீழ ஒரு கையெழுத்து அண்ணாச்சி'ன்னாங்க.

அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல போட்டார். கீழ, அந்தக் கடைசி வரிக்கு அடியில, இடம் கொஞ்சமாத்தான் மிச்சம் இருந்துச்சு. இருபத்தொம்போது வருசமா அவர் எழுதினதுக்கு எல்லாம் 'நமது நிருபர்'னுதான் பேரு. நெருக்கி, முழுசா எழுதினார், அப்பா பேரையும் சேத்து. சீல் விழுந்துச்சு.

மை காயறதுக்கு தளவாய் தாளை ஊதினான். நிதானமா, ரெண்டு தடவை. வராந்தாவுக்கு வந்து போனைப் பிளக்குல இருந்து உருவி ஒயரைச் சுத்திச் சட்டைப் பையில போட்டான். அப்பறம் கையை நீட்டினான். எதுக்குன்னு ஞானதுரைக்கு ஒரு நிமிசம் புரியலை.

'பையைக் குடுங்க சார்'னான் தளவாய்.